அம்மாவுக்கு நடுவில் ஒரு புள்ளி

3 ஜூன் 1992, புதன்

மழை 11 மி.மீ.

மண்ணெண்ணெய் அடுப்பின் திரிகளை மாற்றினேன். ஒன்று மட்டும் சற்று உயர்ந்து நிற்கிறது. நாளை கத்தரிக்க வேண்டும்.

பத்து மணிக்குத் தவமணி வந்தாள். தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறையில், ஆயாவாக இருக்கிறாள். பிளஸ் டூ படித்தவள். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை அதே அறையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போகிறாளாம். வருகைப் பதிவேட்டை நான் எழுத வேண்டும் என்றாள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாராம். மறுப்பதற்கு ஒரு காரணம் யோசித்தேன். அது கிடைப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டிருந்தேன். இது என் பழைய குறை.

இன்று மாலையே முதல் வகுப்பு. பன்னிரண்டு பேர் வந்தார்கள். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வாங்கினேன். இந்த எஸ்டேட் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தவன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் முகத்தைவிட ரேகைதான் சீக்கிரம் அடையாளம் தெரிகிறது.

எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று தவமணி ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருத்தி பஸ் போர்டு படிக்க என்றாள். வெள்ளத்தாய், மருமகள் பீரோவில் ஒட்டி வைத்திருப்பது தன்னைப் பற்றியா என்று தெரிந்துகொள்ள என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழாவதாக அடைக்காயி. வயது ஐம்பத்திரண்டு. எழுபத்துநான்கில் கணவனோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவள். தாய்க்கும் தங்கைக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை, இவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. கணவனும் இறந்துவிட்டான்.

“தங்கச்சி போட்ட காயிதம் முப்பத்திநாலு எம் பொட்டியில கெடக்குது டீச்சர். அம்புட்டும் ரைட்டரய்யா வாசிச்சிக் காட்டுனதுதான். எங்கம்மா சொன்னத ஒருக்கா எங் கண்ணால பாத்துரணும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்திருப்பாள்.

பதிவேட்டில் அவள் பெயரை எழுதும்போது ‘டை’யில் மை பரவிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழிக்க முடியாது. பக்க எண் போட்டாகிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

5 ஜூன், வெள்ளி

மழை 23. இரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. அட்டையை எண்ணிப் பார்த்தேன். இரண்டு போட்டிருக்கிறேன்.

17 ஜூன், புதன்

மழை 19.

தவமணி புத்தகத்தில் உள்ள வரிசையை விட்டுவிட்டு ‘அம்மா’ என்ற சொல்லிலிருந்து தொடங்கியிருக்கிறாள். நல்ல யோசனைதான். ‘ம்’ எழுதி, தலையில் புள்ளி வைத்தால் எழுத்து வாயை மூடிக்கொள்ளும் என்று சொன்னாள். எல்லோரையும் ‘ம்’ சொல்லச் சொன்னாள். பன்னிரண்டு வாயும் மூடிக்கொண்டன.

“அம்மாவுக்கு நடுவுல வாய மூடிப்புட்டாங்களே டீச்சர்,” என்றாள் அடைக்காயி. மறுபடியும் சிரிப்பு.

பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள். எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் எழுத்து பேசாது, சரி. காகிதத்தின் தலையில் வைத்தால்? தவமணிக்குப் புரியவில்லை. தங்கச்சி காயிதத்தில் சிலதில் வலது பக்க மூலையில் பென்சில் புள்ளி இருக்கிறது, சிலதில் இல்லை என்றாள்.

தவமணி என்னைப் பார்த்தாள். அது ஆபீஸ் அடையாளம், கடிதம் வந்து சேர்ந்ததற்காக என்றேன்.

“அப்ப புள்ளி இல்லாததெல்லாம் வந்து சேரலீங்களாய்யா?”

இதை அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும். எனக்கு இருமல் வந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

28 ஜூன், ஞாயிறு

சர்ச்சில் இன்று திருவிருந்து. மற்றவர்கள் அப்பம் வாங்க எழுந்து போனபோது நான் போகவில்லை. முழங்கால் வலி.

4 ஜூலை, சனி

மழை 41. தெற்குச் சுவரில் ஈரம்.

ஈரத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. அடைக்காயியின் பெட்டியும் லயத்து அறையில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், தரையோடு கிடக்கும்; காகிதம் பூஞ்சை பிடிக்கும். கடிதங்களைக் கொடுத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துத் தருகிறேன் என்று தவமணி மூலம் சொல்லி அனுப்பினேன். இதில் தவறு ஒன்றும் இல்லை. உண்மையிலேயே பூஞ்சை பிடிக்கும்.

7 ஜூலை, செவ்வாய்

அடைக்காயி கடிதங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் எண்ணினேன். இருபத்துமூன்று. ஒன்றிலும் புள்ளி இல்லை.

மற்றப் பதினொன்றையும் அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

8 ஜூலை, புதன்

இன்று பதிவேட்டில் ரேகை வைக்க மாட்டேன் என்றாள். பேனாவை வாங்கி, எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, ‘அடைக்காயி’ என்று எழுதினாள். ‘க்’கின் புள்ளியை வைக்கும்போது காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தினாள். பிறகு வெளியே போய், மையே படாத பெருவிரலைக் கல்லில் தேய்த்துக் கழுவினாள். மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மழை 16.

12 ஜூலை, ஞாயிறு

சில விவரங்களை எழுதிவைப்பது நல்லது என்று படுகிறது.

அந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரும் கடிதங்கள் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன். பதிலும் எழுதுவேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து சீசன். ஒரு கை குறைந்தாலும் மேனேஜர் துரைக்குப் பொறுக்காது. நோய், சாவு என்று செய்தி வந்தால் சீசன் முடியும்வரை சொல்லக் கூடாது என்பது அவருடைய வாய்மொழி உத்தரவு. அதற்கென்று மேஜையில் ஒரு டிராயர் இருந்தது. உரியவர் நேரில் பார்த்துவிட்ட கடிதம் என்றால் டிராயரில் போட முடியாது. சிறு மாற்றங்களுடன் படிக்க வேண்டும்.

அப்படிப் படித்த கடிதத்தின் மூலையில் ஒரு புள்ளி வைப்பேன். ஏனென்றால் இவர்கள் பழைய கடிதங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். முதல் தடவை என்ன சொன்னேனோ அதையே சொல்ல வேண்டும். சொன்னது என்ன என்பது அன்றைய நாட்குறிப்பில் இருக்கும். ஆகவே ஒருபோதும் குழப்பம் நேர்ந்ததில்லை.

சீசன் முடிந்ததும் மற்றவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவர் விஷயத்தில் மட்டும் தாமதமாகிவிட்டது.

25 ஜூலை, சனி

மழை 30.

அலமாரியைத் துடைத்தேன். அடைக்காயியின் தூக்குச்சட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் அவள் தன் தாய்க்குப் படையல் போட்டு எனக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்புவாள். சாவுச் செய்தியைப் படித்துச் சொன்னவர் என்ற முறையில். பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். வடை ருசியாக இருக்கும்.

பாத்திரத்தைத் தேய்த்து வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

5 ஆகஸ்ட், புதன்

மழை 8.

இன்று வகுப்பு நேரத்தில் எஸ்டேட்டின் ஃபீல்ட் ஆபீசர் சில தாள்களோடு வந்தார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கான பென்ஷன் விவரம், ரேகை வைத்தால் போதும் என்றார். மூன்று பேர் மையில் விரலைத் தொட்டுவிட்டார்கள். அடைக்காயி தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக வாய் அசைந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதுல விருப்ப ஓய்வுன்னு போட்டிருக்கே. யாரு விருப்பம் சார்?”

அது சும்மா ஒரு வார்த்தை, எல்லோருக்கும் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்றார் அவர்.

“நான் விருப்பப்படலியே. யாரு விருப்பப்பட்டாங்களோ அவுங்க போடட்டும். நீங்க வேணா போடுங்க.”

வெள்ளத்தாய் சிரித்துவிட்டாள். மை தொட்ட மூவரும் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, “நீங்களுமா சார் இதுல?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பதிவேடு மட்டும்தான் எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் இருந்தேன். என் அளவில் இது பெரிய காரியம்.

நடந்து திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். ஆலமரத் திருப்பம் வரை இருந்தது. அதன் பிறகுதான், இந்த வேகத்தில் இவள் எதையும் படித்துவிடுவாள் என்று தோன்றியது.

11 ஆகஸ்ட், செவ்வாய்

அடைக்காயி தனியாகக் கோத்தகிரி போய் வந்தாளாம். யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து பஸ் ஏறினாளாம். இரண்டு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாளாம், இன்னும் இரண்டு போர்டு படிக்கலாமே என்று.

19 ஆகஸ்ட், புதன்

மழை 27. வகுப்பு இல்லை, தவமணிக்குக் காய்ச்சல்.

ஐந்து மணிக்கு அடைக்காயி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கையில் சிலேட்டு. அதில் ஒரே ஒரு எழுத்தை வரைந்திருந்தாள். ‘ல’வுக்கு முன்னால் மேலிருந்து ஒரு தும்பிக்கை வளைந்து இறங்கியது.

“டீச்சருக்கும் தெரியலங்கய்யா. புஸ்தகத்துலயும் இல்ல. இது என்னா எழுத்து?”

பார்த்த உடனே தெரிந்தது. பழைய ‘லை’. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அப்படித்தான் எழுதுவோம். இப்போது பள்ளிப் புத்தகங்களில் இல்லை. அவள் தங்கையின் கையெழுத்தில் அதுதான் இருக்கும். பெட்டியிலிருந்து அதை மட்டும் பார்த்து வரைந்து கொண்டுவந்திருக்கிறாள். கடிதத்தை என்னிடம் காட்டவில்லை.

லா என்று சொல்லியிருக்கலாம். மை கொட்டியதை எழுத்தென்று எண்ணிவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். யோசிக்க நேரம் இருந்தது. ஆனாலும் ‘லை’ என்று வாய் சொல்லிவிட்டது. அறுபத்தாறு வயதில் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வாக்கியம் வாக்கியமாகத் தப்பாகச் சொன்னவன்தான்.

இப்போது எப்படி எழுதுவார்கள் என்று கேட்டாள். பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவள் பலப்பத்தை வாங்கி, அதற்கு முன்னால் இடம் விட்டு, ‘இல்’ என்று எழுதினாள். ‘ல்’லுக்குப் புள்ளி வைத்தாள். சேர்த்துப் பார்த்தாள். பிறகு இன்னும் முன்னால், சிலேட்டின் சட்டத்தை ஒட்டி, நெருக்கி நெருக்கி, ‘அம்மா’ என்று எழுதினாள்.

மழை சிலேட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் குடை எடுத்து வந்து பிடிக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

“இது எழுவத்தொம்பது மே மாசத்துக் காயிதங்கய்யா.”

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். போய்விட்டாள்.

20 ஆகஸ்ட், வியாழன்

மழை அளக்கவில்லை.

24 ஆகஸ்ட், திங்கள்

அடைக்காயி நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை என்று தவமணி சொன்னாள். லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கடிதங்களை விரித்து உட்கார்ந்திருக்கிறாளாம். சோறு கொண்டுபோனால், வெறும் கையெழுத்துப் போடப் படித்ததோடு நிறுத்தியிருக்கலாம் டீச்சர், கண்ணைத் திறந்துவிட்டு இப்போது மூட முடியவில்லை என்று சொன்னாளாம். “என்ன சார் இருக்கு அந்த லெட்டர்ல?” என்று தவமணி கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.

26 ஆகஸ்ட், புதன்

மழை 5.

அவள் வகுப்புக்கு வந்தாள். யாரோடும் பேசவில்லை. மற்றவர்கள் போன பிறகு தவமணியையும் இருக்கச் சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். ஆபீசில் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். நான் மறைக்கவில்லை, அல்லது, கேட்டதை மறைக்கவில்லை. அவள் தாய் இறந்தது 1979 சித்திரையில். கடிதம் மே மாதம் வந்தது. சீசன். அம்மா சுகம் என்று படித்தேன். ஜூன் முடிந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன். ஆனால் ஜூன் கடைசியில் அவள் ஒரு சேலையை மடித்துக் கொண்டுவந்து, இதை அம்மாவுக்குப் பார்சல் போட வேண்டும், மேல்விலாசம் எழுதுங்கள் என்றாள். முகம் அப்படி இருந்தது. தங்கையின் பெயருக்கு விலாசம் எழுதினேன். ஜூலையில் சொல்லலாம் என்று விட்டேன். ஜூலையில் சொன்னால் ஜூனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். இப்படியே மூன்று வருடம். ஒவ்வொரு கடிதத்திலும் தாயின் விசாரிப்பை நானே சேர்த்துப் படித்தேன்.

எண்பத்தொன்று டிசம்பரில் நான் லீவில் இருந்தபோது அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் பதில் எழுதிவிட்டார். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று அதில் இருந்திருக்கிறது. தங்கையிடமிருந்து வந்த கடிதம் இரண்டே வரி. அம்மா போய் மூன்று வருடமாகிறது. அழுதோம் என்று எழுதியவளே இப்போது முட்டி வலி கேட்டுக் கேலி செய்கிறாயா, இனி எழுதாதே. அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை. தை மாதம், அம்மா போன வாரம் இறந்துவிட்டதாக அவளிடம் படித்தேன்.

“அழுதோம்னு நான் எப்பங்கய்யா எழுதுனேன்?”

நான் எழுதினேன் என்று சொன்னேன். மே மாதத்துக் கடிதத்துக்குப் பதிலில், அவளுக்காக.

தவமணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அடைக்காயி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் நன்றாக இருந்திருக்கும். இப்படிச் சொன்னாள்:

“எங்கம்மாவ மூணு வருசம் உசுரோட வச்சிருந்தீங்க. அதுக்கு ஒங்களக் கும்புடுறதா, செருப்பால அடிக்கிறதான்னு எனக்குத் தெரியல. அந்த மூணு வருசமும் நான் சிரிச்சிருக்கேன். அந்தச் சிரிப்ப எங்க கொண்டுபோயி வக்கிறது?”

நான் பதிவேட்டை மூடினேன்.

போகும்போது உத்தரவு போல ஒன்று சொன்னாள். நாளை முதல் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் நான் இருக்க வேண்டும். புள்ளி வைத்த கடிதங்களை அவளே படிப்பாள். தெரியாத எழுத்து வந்தால் எழுத்தை மட்டும் சொல்ல வேண்டும். வாக்கியத்தைச் சொல்லக் கூடாது.

27 ஆகஸ்ட், வியாழன்

தவமணி எனக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

9 செப்டம்பர், புதன்

மூன்று கடிதங்கள் முடிந்தன. பழைய ‘ணா’, பழைய ‘னை’, ஒரு இடத்தில் அழிந்துபோன ‘ழ’. எழுத்தை மட்டும் சொல்கிறேன். அவள் விரல் வைத்து நகர்கிறாள். எனக்கு முழு வரியும் முன்பே தெரியும். அவள் அங்கே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். இதைவிடக் கடினமான வேலையை நான் ஆபீசில் செய்ததில்லை.

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த கடிதத்தை இன்று படித்தாள். அதற்குப் பாட்டி பெயர் வரும்படி வைத்திருக்கிறார்கள். ‘போன அம்மாவே திரும்பி வந்த மாதிரி’ என்று எழுதியிருந்ததால் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட நான் படிக்காமல் விட்டிருந்தேன். தனக்கு ஒரு மகன் முறை இருக்கிறான் என்பது பன்னிரண்டு வருடம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. அந்த வரியை நான்கு தடவை படித்தாள். நாலாவது தடவை தடங்கலில்லாமல் வந்தது. சிரித்தபடியே அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை.

30 செப்டம்பர், புதன்

மழை 12. எட்டு முடிந்தது.

அவளுக்குத் தலைவலி. கண்ணாடி போட வேண்டும் என்றார்களாம். இனி நிறுத்திவிடலாமே என்று தவமணி சொல்லிப் பார்த்தாள். “நிறுத்துனா மட்டும் தெரிஞ்சது தெரியாமப் போயிருமா டீச்சர்?” என்றாள்.

மிச்சம் மூன்று. அதில் ஒன்று மார்ச் மாதத்துக் கடிதம். அதை அவள் கடைசிக்கு வைத்திருக்கிறாள், மிக நெருக்கமான எழுத்து என்பதால்.

அதைப் பற்றி 26 ஆகஸ்டில் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

12 அக்டோபர், திங்கள்

தூக்கமில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனவன் மாத்திரை வாங்காமல் ஊசி நூல் வாங்கி வந்தேன்.

ஊருக்குப் போய் அண்ணன் மகன் வீட்டில் சில நாள் இருக்கலாமா என்று யோசித்தேன். பையில் இரண்டு சட்டை வைத்தேன். பிறகு எடுத்து அலமாரியில் வைத்தேன்.

14 அக்டோபர், புதன்

மழை 34.

பதினோராவது கடிதம். 11 மார்ச் 1979.

இன்று அவள் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். முதல் பாதி, வீட்டு விவரம். பிறகு வந்தது. நான் சொல்ல வேண்டிய எழுத்து ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளே படித்துவிட்டாள்.

அம்மா படுத்த படுக்கை. உன்னைத்தான் கேட்கிறது. இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று டாக்டர் சொல்கிறார். எப்படியாவது கப்பல் ஏறி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

இதை நான் ‘அம்மாவுக்கு லேசான காய்ச்சல், இப்போது தேவலை’ என்று படித்திருந்தேன். சீசன் தொடங்க மூன்று வாரம் இருந்தது. லீவு கேட்பாள், துரை மறுப்பார், இவள் அழுவாள், நான் நடுவில் நிற்க வேண்டும். அதைத் தவிர்த்தேன். துரை இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியாது. உத்தரவு ஏப்ரலுக்குத்தான். மார்ச்சில் புள்ளி வைத்தது நானே.

அவள் கடிதத்தை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

“அப்ப கப்பல் ஓடுச்சிங்கய்யா.”

ஆமாம் என்றேன்.

“எங்கிட்ட பாஸ்போட்டும் இருந்துச்சி.”

ஆமாம் என்றேன்.

15 அக்டோபர், வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். திருத்த எதுவும் இல்லை.

24 அக்டோபர், சனி

மழை 9.

அவள் தங்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஒன்றரைப் பக்கம். பத்து நாள் எழுதினாளாம். தவமணியையும் திருத்த விடவில்லை. பழைய எஸ்டேட் விலாசம்தான் இருக்கிறது. அங்கே இன்னும் இருக்கிறார்களா, உயிரோடு இருக்கிறார்களா, யாருக்குத் தெரியும். உறையின் மேல் பெயரையும் எஸ்டேட்டையும் தமிழில் எழுதியிருந்தாள். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால்தான் போய்ச் சேரும் என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். உறையை என் முன்னால் வைத்தாள்.

“அத மட்டும் எழுதுங்க. புள்ளி கிள்ளி வராம.”

சிறிய எழுத்தில் எழுதினால் ஆங்கில ‘i’க்குப் புள்ளி வைக்க வேண்டி வரும். பெரிய எழுத்தில் எழுதினேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள். அவள் பேரில் நான் தங்கைக்கு எழுதிய பதில்களெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருந்தேன்? நினைவில்லை என்றேன்.

“நீங்க மழையக்கூட எழுதி வக்கிற ஆளு.”

14 நவம்பர், சனி

மழை 2.

இதை அடைக்காயி படிப்பார் என்பதால் எழுத்துகளைச் சேர்க்காமல், பிரித்துப் பிரித்து எழுதுகிறேன்.

அடைக்காயி அவர்களுக்கு. 1979 முதல் 1982 வரை நாலு நோட்டு தருகிறேன். உங்கள் பேரில் நான் எழுதிய பதில்கள் அதில் உள்ளன. இந்த நோட்டையும் சேர்த்துத் தருகிறேன். இதில் உங்களை அவள், அவள் என்று எழுதி இருக்கிறேன். இப்போது மாற்றினால் அதுவும் ஒரு பொய் ஆகும். அதனால் மாற்றவில்லை.

துரை சொன்னார் என்று எழுதி இருக்கிறேன். அது பாதி. எனக்குப் பயம். எல்லோரிடமும் பயம். உங்கள் அழுகையைப் பார்க்கவும் பயம். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்ற தைரியம் மட்டும் இருந்தது.

எந்த நோட்டிலும் மூலையில் புள்ளி இல்லை. தூக்குச்சட்டியும் இதனுடன் இருக்கிறது.

ஞானாபரணம்

நவம்பர் 28 சனி

மழ பேஞ்சிச்சி. அளக்கல.

ரைட்டரய்யா. நோட்டு அஞ்சும் படிச்சேன். ஜுலை 12ல சிறு மாற்றங்கள்னு எழுதி இருக்கு. சிறு இல்ல. அத அடிச்சி எழுதவும்.

வடை ருசின்னு ஒரு எடத்துல இருக்கு. அத அடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

தங்கச்சி கிட்ட இருந்து இன்னும் காயிதம் வரல. வந்தா நானே படிச்சிக்குவேன்.

அம்மா செத்தது சித்திரை 16. தை இல்ல. வர்ற சித்திரை 16 வரவும். சாப்பிட இல்ல. மார்ச்சு மாச காயிதத்த அம்மா படத்துக்கு முன்னால வாசிக்க போறேன். நீங்க ஒக்காந்து கேக்கணும். எழுத்து சொல்ல வேண்டாம். எல்லா எழுத்தும் தெரியும்.

அடைக்காயி